ஜப்பானிய மொழி நாவில் நிற்கவில்லை, அழைத்தலே தவறோ?

கேள்வி

வணக்கம். வயது 26. துறவு சபை ஒன்றின் மறைப்பணிப் பயிற்சிக்காக டோக்கியோ வந்து நான்கு மாதம் ஆகிறது. ஐந்து மணிக்கு எழுந்து செபம், திருப்பலி. ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை மொழிப் பள்ளி. பிற்பகலில் பயிற்சி வகுப்பும் வீட்டு வேலையும். இரவு ஒரு மணி வரை கான்ஜி (சீனத்திலிருந்து வந்த ஜப்பானிய எழுத்து) எழுதிப் பழகுகிறேன், விடிந்தால் பாதி மறந்துபோகிறது. என்னோடு வந்த கொரியச் சகோதரர் தடையில்லாமல் பேசுகிறார். போன வாரம் செபமாலையில் பத்து மணிகளுக்குரிய செபத்தை நான் ஜப்பானியத்தில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் படித்தும் நடுவில் நா எழவில்லை; எல்லாரும் காத்திருந்தார்கள். ஊரில் மேடை ஏறிப் பேசியவன் நான். இங்கே சாப்பாட்டு மேசையில் வெறுமனே சிரித்துக்கொண்டிருக்கிறேன். தனிச்செபமும் வறண்டுவிட்டது. இது இறைவன் எனக்குத் தந்த அழைத்தல் இல்லையோ? திரும்பிவிடட்டுமா?

பதில்

அன்புள்ள சகோதரருக்கு,

திரும்புவதா என்ற கேள்வியை இப்போதைக்கு மூடிவையுங்கள். மனம் வறண்ட காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் விதி, பயிற்சியில் கேட்டிருப்பீர்கள். உங்களுக்கு அதைவிட எளிய காரணமும் இருக்கிறது. ஒரு மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் நாலு மணி நேர உறக்கம். பகலில் படித்தது உறக்கத்தில்தான் நினைவில் படிகிறது. அதை வெட்டிவிட்டுக் கான்ஜி எழுதுவது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பது. பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். வேறு எதை மாற்றினாலும் இதற்குப் பிறகுதான்.

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளின் ஜப்பானியப் பயிற்சிக்குச் சுமார் 2200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. நீங்கள் வாரம் 20 மணி வீதம் 16 வாரத்தில் 320 மணி முடித்திருக்கிறீர்கள். ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் ஆகியிருக்கிறது. கொரியச் சகோதரரோடு ஒப்பிடுவதும் சரியில்லை. இரு மொழிகளிலும் சீன வேர்ச்சொற்கள் ஏராளம்: வாக்குறுதிக்கு அவர் மொழியில் 'யாக்சோக்', ஜப்பானியத்தில் 'யாகுசோகு'. அவருக்குப் பாதிச் சொல் வீட்டிலேயே இருந்தது. உங்களுக்கு வாக்கிய அமைப்பு இருக்கிறது: 'புத்தகத்தை வாசித்தேன்' என்பது அதே வரிசையில் 'ஹோன் ஒ யோமிமாஷிதா', நம் 'ஐ' அங்கே 'ஒ'. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி. குறில் நெடில் கேட்டு வளர்ந்த காது இதைத் தவறவிடாது.

செபமாலையில் சிக்கவைத்தது அந்தத் தமிழ்க் குறிப்பாகத்தான் இருக்கும். (இங்கே நானும் அதைத்தான் செய்கிறேன், வேறு வழியில்லை.) வானிலைக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் 'தென்கி'தான். ஆனால் முன்னதில் 'தமிழ்' என்பதன் த, பின்னதில் 'தர்மம்' என்பதன் த. மெல்லினத்தை அடுத்த வல்லினத்தைக் குழைப்பதும் நம் நாவின் பழக்கம். 'சங்கு' சொல்வதுபோல், நலம் என்று பொருள்படும் 'கென்கி'யையும் சொல்லிவிடுவோம். ஜப்பானிய ஒலியெழுத்தான ஹிரகானா 46 எழுத்துதான். செபங்களை அதிலேயே எழுதுங்கள்.

பிறகு செபத்தை ஒலிப்பதிவில் கேட்டு, கடைசித் தொடரிலிருந்து பின்னோக்கிக் கட்டுங்கள். முதல் நாள் கடைசித் தொடர் மட்டும். மறுநாள் அதற்கு முந்தையதைச் சேர்த்து இறுதி வரை. அப்போது வாய் எப்போதும் பழகிய இடத்தை நோக்கிப் போகும். தொடக்கம் மட்டும் தெரிந்து நடுவில் நிற்க நேராது. தினம் பத்து நிமிடம் போதும். இரண்டு வாரத்துக்குக் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும் பின்பாதியை மட்டும் தரும்படி பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். கேட்பது அவமானமில்லை.

அன்றாடப் பயன்பாட்டுக் கான்ஜி 2136. ஒரு நாளில் ஐந்துக்கு மேல் வேண்டாம், அதையும் தனி எழுத்தாக அல்ல, சொல்லாக. ஆன்கி போன்ற நினைவு அட்டைச் செயலியில் தினம் 20 புது அட்டை சேர்த்தால், சில வாரங்களில் திருப்பிப் பார்க்க வேண்டியவை 150ஐத் தாண்டும். குவிந்துவிட்டால் புது அட்டையை நிறுத்திப் பழையதை முடியுங்கள்.

தனிச்செபம் தமிழிலேயே இருக்கட்டும். அங்கேயும் இலக்கணம் பார்த்தால் வறளத்தான் செய்யும். முத்துக்குளித்துறையில் தமிழ்ச் செபங்களை மனப்பாடம் செய்த பிரான்சிஸ் சவேரியார், 1549இல் ககோஷிமாவில் இறங்கி, மொழிபெயர்ப்பாளர் சொன்னபடி கடவுளை 'டைனிச்சி' என்றார். அது ஷிங்கோன் பௌத்தர்கள் வணங்கும் புத்தரின் பெயர் என்று பிறகே தெரிந்து, 'தேயுசு' என்று மாற்றிக்கொண்டார். உங்கள் செபமாலைத் தடுமாற்றம் இதற்கு முன் எம்மாத்திரம்?

சாப்பாட்டு மேசைக்குத் தினம் ஒரே ஒரு கேள்வியைத் தயாராகக் கொண்டுபோங்கள். பதில் முழுதாகப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் நீங்கள் கைதேர்ந்த ஏதாவது வேலையைச் செய்யுங்கள், பாட்டோ சமையலோ. மேடையில் பேசியவர் அங்கே கொஞ்சம் மூச்சுவிடுவார்.

நேரத்தோடு படுத்தும் இரண்டு வாரமாக உறக்கம் வராமல், பசி அற்று, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் எட்டு வாரம் கழித்து, நன்றாக உறங்கி எழுந்த ஒரு நாளில், அழைத்தல் பற்றிய கேள்வியை ஆன்ம வழிகாட்டியிடம் கொண்டுபோங்கள். தமிழிலேயே எழுதி எடுத்துக்கொண்டு.