அகலப் பாதத்துக்கு ஒரு சைஸ் பெரிய ஷூ தீர்வாகாது

வணக்கம். பெருவிரல் மூட்டு புடைத்திருப்பதால் ஒரு சைஸ் பெரிதாக வாங்கியும் பக்கவாட்டில் இறுக்குகிறது, குதிகால் நழுவுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீளத்தைக் கூட்டினால் அப்படித்தான் ஆகும். உங்களுக்குத் தேவை அகலம். ஆண்கள் ஷூவில் 2ஈ (2E, அகலம்), 4ஈ (4E, இன்னும் அகலம்) என்று அகல அளவு தனியாகவே வருகிறது (பெண்கள் ஷூவில் டி, அதாவது D, என்றாலே அகலம்தான்).

மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை (உள் அட்டையை) வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டவே வேண்டாம். புடைப்பின் மேல் தையலோ தடித்த பட்டையோ படாமல், மெல்லிய வலைத்துணியாக இருப்பது ரொம்ப முக்கியம். அந்த இடத்துக்கு நேரான துளையை விட்டுவிட்டு லேஸ் கோர்த்தால் அழுத்தம் இன்னும் குறையும்.

அப்புறம், சர்க்கரை நோயோ காலில் மரமரப்போ இருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மரத்த காலுக்கு ஷூ கடிப்பது தெரியாது.