இயலாமைக் காப்பீட்டுத் தொகை நின்றுபோனால் உடனே வழக்குப் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தனியார் மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிந்தேன். முதுகுத்தண்டு வட்டு விலகியதால் வேலை பார்க்க முடியாமல் போயிற்று. நிறுவனத்தின் குழுக் காப்பீட்டிலிருந்து இரண்டாண்டுகள் மாதந்தோறும் வந்த இயலாமைத் தொகையை, 'வேறு வேலை பார்க்கலாம்' என்று கூறிச் சென்ற மாதம் நிறுத்திவிட்டார்கள். வழக்குத் தொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். தனியார் நிறுவனங்கள் ஊழியர்களுக்கு ஏற்படுத்தித் தரும் இத்தகைய காப்பீடு பெரும்பாலும் ஊழியர் நலத் திட்டங்களுக்கான 1974ஆம் ஆண்டின் 'எரிசா' (ERISA) என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வருவதால், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்ய வேண்டும்; அதற்கு மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து குறைந்தது 180 நாட்கள் அவகாசம் உண்டு. இதைச் சடங்காக எண்ணி இரண்டு வரி எழுதி அனுப்பிவிடாதீர்கள். பின்னர் வழக்குத் தொடுத்தாலும், இவ்வழக்குகளில் ஜூரி (பொதுமக்களைக் கொண்ட நடுவர் குழு) கிடையாது. மேல்முறையீடு முடியும்போது கோப்பில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே நீதிபதி பெரும்பாலும் படிப்பார். தொகை தரலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் காப்பீட்டுத் திட்ட ஆவணம் காப்பீட்டு நிறுவனத்துக்கே தந்திருந்தால், அதன் முடிவு நியாயமற்றதா என்று பார்ப்பதோடு நீதிபதி நின்றுகொள்ளவும் கூடும்.

பல பாலிசிகளில் முதல் 24 மாதங்கள் 'உங்கள் சொந்த வேலையை'ச் செய்ய இயலாமையே போதும். அதன்பின் உங்கள் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற 'எந்த வேலையும்' செய்ய இயலாது என்று காட்ட வேண்டும். உங்கள் தொகை நின்றது இந்த இடத்தில்தான் என்று தோன்றுகிறது. ஆகவே, 'இவரால் வேலை செய்ய முடியாது' என்ற மருத்துவரின் ஒற்றை வரிச் சான்று பயன்படாது. சிகிச்சையளிக்கும் மருத்துவரின் கருத்துக்குத் தனி முன்னுரிமை இல்லை என்று 2003இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தொடர்ந்து எத்தனை நிமிடம் உட்கார முடிகிறது, ஒரு நாளில் எத்தனை முறை படுக்க நேர்கிறது, வலி மாத்திரைக்குப் பின் கவனம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பவற்றை ஸ்கேன் முடிவுகளோடு பொருத்தி எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கைக் கோப்பு முழுவதையும் இலவசமாகக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு; அதைப் படிக்காமல் மேல்முறையீட்டை எழுத உட்காராதீர்கள்.

வழக்குத் தொடுக்கும் கெடுவையும் பாலிசியில் பார்த்துவிடுங்கள். மேல்முறையீடு நடக்கும்போதே அது ஓடிக்கொண்டிருக்கலாம். வென்றால் நிலுவைத் தொகை கிடைக்கும், வழக்குரைஞர் கட்டணத்தையும் நீதிமன்றம் வழங்கலாம். மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கிடைக்காது.