புக்லியேசேயின் ‘லா யும்பா’வை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? எனக்கு ஒரே அடிதான் கேட்கிறது

“பியாசோலா கேட்டு டாங்கோவுக்குள் வந்தேன். ஒஸ்வால்தோ புக்லியேசேயைக் கேள் என்றார்கள். லா யும்பாவில் டம் டம் என்று ஒரே அடிதான். இதில் என்ன இருக்கிறது?” என்பது உங்கள் கேள்வி. புதிதாக வருகிறவர்களுக்கு: புக்லியேசே அர்ஜென்டினாவின் டாங்கோ பியானோக்காரர், குழுத் தலைவர். லா யும்பா அவர் எழுதிய வாத்திய உருப்படி. பியாசோலா டாங்கோவைப் புதிய பாணிக்குத் திருப்பியவர்.

கைபேசி ஸ்பீக்கரில்தான் கேட்டிருப்பீர்கள், பந்தயம் கட்டலாம். அதில் லா யும்பாவின் பாதிதான் வரும். மற்றப் பாதி பியானோவின் மந்திர ஸ்தாயியில் இருக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஓரளவு நல்ல ஹெட்போனைப் போட்டுக்கொண்டு 1946-இல் ஓடியான் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவான முதல் லா யும்பாவை மறுபடி கேளுங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் ரசனை, அதில் எனக்குச் சண்டை இல்லை.

கேட்கும்போது எதைக் கவனிப்பது? ஒரு சுற்றுக்கு நாலு அடி என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம், வயலின், டபுள் பாஸ் எல்லாம் சேர்ந்து இறங்கும். அது ‘யும்’. இரண்டிலும் நாலிலும் புக்லியேசேயின் இடது கை பியானோவின் அடிக்கட்டைகளில் தாழ்வாக ஒரு தட்டுத் தட்டும். அது ‘பா’. சுரமாகப் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு மொத்தையான ஒலி அது. இந்த ‘பா’ காதில் விழாவிட்டால் மிச்சம் இருப்பது நீங்கள் சொன்ன டம் டம் மட்டும்தான்.

அடுத்தது ‘யும்’. அது அடியின் மேல் தொடங்குவதில்லை, கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடும். வயலின்காரர்கள் வில்லைத் தந்தியில் வைத்துக் கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு வருவார்கள். டபுள் பாஸ்காரரும் வில்லால் அப்படியே செய்வார். பாண்டோனியன்கள் சத்தத்தைப் பெருக்கிக்கொண்டே வந்து சரியாக அடியில் வெட்டி நிறுத்தும். இந்த இழுவைக்கு டாங்கோக்காரர்கள் வைத்த பெயர் அர்ராஸ்த்ரே. குழுவில் மேளம் கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாளம் முழுக்க வில்லாலும் துருத்தியாலும் பியானோவாலும் உண்டாக்கியதுதான்.

பாண்டோனியன் மடியில் வைத்து விரித்து மூடி வாசிக்கிற துருத்தி வாத்தியம். ஜெர்மனியிலிருந்து வந்தது. புவெனஸ் ஐரிஸில் நிலைபெற்ற வகையில் 71 பொத்தான்கள். ஒரே பொத்தான் விரிக்கும்போது ஒரு சுரம், மூடும்போது பெரும்பாலும் வேறு சுரம். அழுத்தமான அடிகளைப் பெரும்பாலும் விரிக்கும் பக்கமாகவே வாசிப்பார்கள். வாத்தியத்தின் எடையும் காலின் அசைவும் அப்போதுதான் துணைக்கு வரும். குதிகாலைத் தூக்கி, அடி விழும் நேரத்தில் கீழே போடுவார்கள். பிறகு வலது கட்டைவிரலால் காற்றுத் திறப்பை அழுத்திச் சட்டென்று மூடிக்கொண்டு அடுத்த விரிப்புக்குத் தயாராக வேண்டும். நாலைந்து பேர் இதை ஒரே நொடியில் செய்யாவிட்டால் ‘யும்’ கிழிந்து தொங்கும்.

இன்றைய குழுக்கள் லா யும்பாவை எடுக்கும்போது பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். நாலு அடியையும் ஒரே பலத்தில் அடிப்பார்கள், அது அணிவகுப்பு இசையாகிவிடும். இல்லாவிட்டால் இழுவையை நீட்டி நீட்டி அடியே தாமதமாக வரும்படி செய்துவிடுவார்கள். பியானோக்காரர் பெடலை விடாமல் அழுத்திவைத்தால் ‘பா’வின் கார்வை அடுத்த ‘யும்’ மேல் படிந்து எல்லாம் கலங்கிப்போகும். புக்லியேசேயின் பதிவுகளில் ஒவ்வொரு தட்டுக்கும் பிறகு கொஞ்சம் வெற்றிடம் இருக்கும். நடுவில் வரும் தனி வயலினும், நாலைந்து சுரங்களை மட்டும் உதிர்த்துவிட்டுப் போகிற அவருடைய பியானோவும் அவ்வளவு எடுப்பாகத் தெரிவது அதனால்தான். முன்னால் அந்த முரட்டு அடி இல்லாவிட்டால் அந்த மென்மைக்கு இடமே கிடைத்திருக்காது.

இனி ஆளைப் பற்றி. 1905-இல் புவெனஸ் ஐரிஸின் வில்யா கிரெஸ்போவில் பிறந்தவர். தந்தை அடோல்ஃபோ காலணித் தொழிலாளி, புல்லாங்குழலும் வாசிப்பார். மகன் வயலினில் தொடங்கிப் பியானோவுக்கு மாறினார். காபிக்கடைகளிலும் ஊமைப்பட அரங்குகளிலும் வாசித்துப் பழகினார். இருபது வயதுக்கு முன்பே ‘ரெகுவெர்தோ’ என்ற டாங்கோவை எழுதிவிட்டார். அது வெளிவந்தது தந்தையின் பெயரில். 1926-இல் ஹூலியோ டெ காரோவின் ஆறு பேர் குழு அதைப் பதிவு செய்தது. டாங்கோ எழுதும் முறையையே திருப்பிப் போட்ட உருப்படிகளில் அது ஒன்று. லா யும்பாவைக் கேட்டு “நுணுக்கம் இல்லை” என்று முடிவு கட்டுமுன் ரெகுவெர்தோவின் கடைசியில் வரும் பாண்டோனியன் விரைவுப் பகுதியை ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவருடைய குழுவே 1944-இல் பதிவு செய்திருக்கிறது.

நிலைத்த குழுவாக அவர் மேடையேறியது 1939 ஆகஸ்ட் 11, கொர்ரியெந்தெஸ் தெருவின் எல் நாசியோனால் காபிக்கடையில். முதல் இசைத்தட்டு 1943-இல்தான். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தக் குழு நடந்த விதத்தைத்தான், ஏனென்றால் அந்தச் சத்தத்துக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

குழு ஒரு கூட்டுறவு. அந்தக் காலத்து நடைமுறைப்படி தலைவர் ஒப்பந்தம் போடுவார், மற்றவர்கள் சம்பளத்துக்கு வாசிப்பார்கள். இங்கே வருமானத்தைப் புள்ளி வைத்துப் பிரித்தார்கள். எவ்வளவு காலமாக இருக்கிறார், என்ன பொறுப்பு, குழுவுக்கு எழுதித் தந்தாரா என்பதையெல்லாம் பார்த்து ஒவ்வொருவருக்கும் புள்ளி. புக்லியேசேக்கும் புள்ளிக் கணக்குதான். இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டும் வேலையில் 1930-களிலேயே இறங்கியவர், கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பதால் இது அவருக்கு ஏட்டுக் கொள்கையாக நிற்கவில்லை.

விளைவு என்ன? ஆட்கள் நிலைத்தார்கள். பாண்டோனியன்காரர் ஒஸ்வால்தோ ருஜ்ஜியெரோ 1939 முதல் 1968 வரை இருந்தார். முதல் வயலின் என்ரிக்கே கமெரானோ 1950-களின் கடைசிவரை. இருபது வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களால்தான் கைகாட்டிச் சொல்ல ஆள் இல்லாமல் காலப்பிரமாணத்தை இழுக்கவும், நிறுத்தவும், மறுபடி ஒன்றாகப் பிடிக்கவும் முடியும். புக்லியேசே பியானோவில் உட்கார்ந்து தலையை அசைப்பார், அவ்வளவே. எழுதுகிறவனுக்கும் புள்ளி உண்டு என்பதால் குழுவுக்குள்ளிருந்தே உருப்படிகள் வந்தன: எமிலியோ பால்கார்செயின் ‘லா போர்தோனா’, மாரியோ தெமார்கோவின் ‘பாத்தா ஆஞ்சா’, ஒஸ்கார் ஹெர்ரெரோவின் ‘நொச்செரோ சோய்’.

அரசியலுக்கு விலையும் கொடுத்தார். வானொலியில் தடை, பலமுறை கைது, 1955-இல் தேவோத்தோ சிறை. அவர் உள்ளே இருந்த நாட்களில் குழு வாசிப்பை நிறுத்தவில்லை. பியானோவின் மேல் ஒரு சிவப்புக் கார்னேஷன் பூவை வைத்துவிட்டு வாசித்தார்கள். “இசையைப் பற்றிக் கேட்டால் அரசியல் பேசுகிறாயே” என்று யாராவது வருவீர்கள், தெரியும். பியானோக்காரரே இல்லாமல் ஒரு குழு அடியைப் பிடித்துக்கொண்டு நின்றதென்றால் அது இசையைப் பற்றிய செய்தியும்தான்.

1968-இல் ருஜ்ஜியெரோ, பால்கார்செ, ஹெர்ரெரோ, ஹூலியான் பிளாசா உள்ளிட்ட முக்கியமானவர்கள் விலகி ‘செக்ஸ்தெத்தோ டாங்கோ’வை அமைத்தார்கள். அறுபதைத் தாண்டிய புக்லியேசே புதிய ஆட்களைச் சேர்த்துக் குழுவை மறுபடி கட்டினார். அப்படி வந்தவர்களில் ரொடோல்ஃபோ மெதெரோஸ், ஹுவான் ஹோசே மொசலினி, டேனியல் பினெல்லி ஆகியோர் உண்டு. பினெல்லி பிறகு பியாசோலாவின் கடைசி ஆறு பேர் குழுவில் வாசித்தார்.

அதனால் ‘பியாசோலாவா, புக்லியேசேயா’ என்ற போட்டி எனக்குப் புரியவே இல்லை. பியாசோலாவின் ‘சூம்’ உருப்படியைப் புக்லியேசே குழு வாசித்திருக்கிறது. 1989-இல் ஆம்ஸ்டர்டாமின் காரே அரங்கில் இருவரும் ஒரே மேடையில் இருந்தார்கள். அன்று சேர்ந்து வாசித்தவற்றில் லா யும்பாவும் ஒன்று. இன்னொரு டாங்கோ குழுத் தலைவரான டாரியென்சோவின் ரசிகர்களும் சண்டைக்கு வர வேண்டாம், ஆடுவதற்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

கேட்கும் வரிசை என்று கேட்டால், ரெகுவெர்தோ, லா யும்பா இரண்டுக்கும் பிறகு ‘நெக்ராச்சா’, ‘மாலான்ட்ராக்கா’. இரண்டும் 1940-களின் கடைசியில் பதிவானவை, யும்பாவின் உறவுக்காரர்கள். அடியை ஒளித்து ஒளித்து வைப்பார்கள், எண்ணிக்கொண்டே கேட்டால் சுவாரசியம். அடுத்து 1950-களின் ‘எமான்சிபாசியோன்’, ‘காயோ சியேகோ’. இரண்டும் பிறர் எழுதிய பழைய டாங்கோக்கள், எனவே குழு அவற்றை என்ன செய்தது என்பது தெளிவாகத் தெரியும். 1985 டிசம்பரில் எண்பது வயதில் புவெனஸ் ஐரிஸின் பெரிய ஓபரா அரங்கான கொலோனில் நடத்திய கச்சேரியைக் கடைசிக்கு வையுங்கள். ரசிகர்கள் பல காலமாக “கொலோனுக்குப் போ!” என்று கத்திக்கொண்டிருந்த அரங்கு அது. உற்சாகம் நிறைய, ஆனால் கட்டுக்கோப்பில் பழைய பதிவுகளுக்கு ஒரு படி கீழேதான்.

ஆடக் கற்றுக்கொள்கிறவர் என்றால் 1940-களின் பதிவுகளோடு நின்றுகொள்ளுங்கள். 1950-களிலிருந்து குழு திடீரென்று நிற்கும், துணை தடுமாறும். முதல் வகுப்பிலேயே ‘லா மரிபோசா’வைப் போடும் ஆசிரியர்களை என்னவென்று சொல்வது!

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளில் பாதிக்கு ஆண்டு போட்டிருப்பதில்லை. 1946 பதிவா, 1952 பதிவா என்றே தெரியாது. சிலவற்றில் இசைத்தட்டைத் தவறான வேகத்தில் ஓட்டி அரைச் சுரம் ஏற்றி வைத்திருப்பார்கள். சிலவற்றில் எதிரொலி சேர்த்து ‘பா’வைக் கொன்றிருப்பார்கள். பிறகு நீங்கள் வந்து ஒரே அடி என்கிறீர்கள், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டு உள்ள பதிவானால் பாடகரை வைத்து ஏறக்குறைய காலத்தைப் பிடிக்கலாம். ரொபெர்த்தோ சானெல் என்றால் 1940-களின் முதல் பாதியும் நடுவும். அல்பெர்த்தோ மோரான் என்றால் 1954 வரை. ஹோர்ஹே மாசியெல் என்றால் அதிலிருந்து 1968 வரை. ஆபெல் கோர்தோபா என்றால் 1964-க்குப் பிறகு. வாத்திய உருப்படிக்கு இந்த வழி உதவாது, ஓடியானின் பழைய தட்டெண்ணைப் போட்டிருக்கும் தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள்.