கேக் வெட்டியும் ஆள் நிற்கவில்லை

அன்புள்ள ஐயா,

ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். ஆட்கள் நிற்பதே இல்லை. ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் பக்கத்து கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். "ஆட்களின் மொரேல், அதாவது மன உற்சாகம், இறங்கிவிட்டது, ஏதாவது செய்யுங்கள்" என்கிறது மேலிடம். 'இம்மாதச் சிறந்த ஊழியர்' என்று போட்டோ மாட்டினோம், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினோம், ஒகேனக்கல் டூர்கூடக் கூட்டிப்போனோம். சந்தோஷமாகத்தான் வந்தார்கள். அடுத்த வாரமே மூன்று பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். என்னதான் எதிர்பார்க்கிறார்கள்?

ஓசூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டூர் வந்துவிட்டு ராஜினாமா கொடுத்ததை நன்றிகெட்டத்தனமாக நினைக்காதீர்கள். ஒகேனக்கல் மீன் வறுவல் நன்றாகத்தான் இருந்திருக்கும், திங்கட்கிழமை திரும்பிவந்த உற்பத்தி லைன் பழைய லைன்தானே.

ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். சம்பளம், மேற்பார்வை, கம்பெனி விதிகள், வேலையிட வசதி இவை சரியில்லை என்றால் ஆள் கசந்துபோவார். சரியாக இருந்தால் கசப்பு இருக்காது, அவ்வளவுதான். உற்சாகம் செய்கிற வேலையிலிருந்தும் அதற்குக் கிடைக்கும் மதிப்பிலிருந்தும் வருவது. அவர் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பக்கத்துப் பொறியாளர்களையும் கணக்கர்களையும், அதனால் ஓசூர் லைனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேக் அவருடைய இரண்டு பட்டியலிலும் இல்லை.

நானாக இருந்தால் முதலில் ஷிப்ட் சார்ட்டைத்தான் பார்ப்பேன். அடுத்த வாரம் ஏ ஷிப்டா சி ஷிப்டா என்பது எப்போது தெரிகிறது? சனிக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் என்றால், ராயக்கோட்டையிலிருந்தோ கெலமங்கலத்திலிருந்தோ கம்பெனி பஸ்ஸில் வருகிற பையன் வீட்டில் ஒரு காரியத்தையும் முன்கூட்டி ஒப்புக்கொள்ள முடியாது. ஊரில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கிறது, கடைசி நாள் படுகளம், துரியோதனன் விழுகிற அந்தக் காலை நேரத்துக்கு ஊரே மந்தையில் நிற்கும். அந்த ஒரு நாளுக்கு லீவு கேட்டு அவன் சூப்பர்வைசர் மேஜை முன்னால் நிற்கிறான், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஆள் இல்லப்பா, அப்புறம் பாக்கலாம்" என்கிறார். 'ஆகாது' என்று சொல்லியிருந்தாலாவது வேறு யாரிடமாவது ஷிப்ட் மாற்றிக் கேட்டிருப்பான். வேலையை விட்டுப் போகும்போது ஃபார்மில் 'கூடுதல் சம்பளம்' என்றுதான் எழுதுவான், வேறென்ன எழுதுவான், செட்டில்மென்ட் வாங்க வேண்டாமா?

ஓ.டி. பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று இருந்தது, அதன் இடத்தில் 2025-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். அதில் இழுபறி இருந்தால் மற்றதெல்லாம் வீண், முதலில் அதை முடியுங்கள்.

அப்புறம், அடுத்த டூருக்கு ஒதுக்கிய பணத்தில் லைனுக்கு இரண்டு ரிலீவர், அதாவது லீவு போடுகிறவர் இடத்தில் நிற்க மாற்று ஆள், கேளுங்கள். சார்ட் இரண்டு வாரம் முன்னால் ஒட்டப்படட்டும், லீவு கேட்டால் உண்டா இல்லையா என்று அன்றைக்கே பதில் வரட்டும். மேலிடம் முகம் சுளிக்கும், புதிது புதிதாக ஆள் எடுத்துப் பழக்குகிற செலவைக் கணக்குப் போட்டுக் கையில் கொடுங்கள்.

போட்டோ மாட்டுவதை நிறுத்த வேண்டாம். கீழே ஒரு வரி மட்டும் சேருங்கள்: எந்த மெஷினில் என்ன கோளாறை அவர் கண்டுபிடித்தார் என்று.