சேலத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் வாட்டர்கலர் கூட்டங்களுக்குப் போவதில் பயன் உண்டா? யூடியூப் பார்த்தால் போதாதா?

யூடியூப் பார்த்து வரையக் கற்றவர்கள் எங்கள் குழுவிலேயே நிறையப் பேர். அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாட்டர்கலரில் பாதி வேலை காத்திருப்பதுதான். வீடியோவில் முதலில் வெட்டி எறிவது அந்தக் காத்திருப்பைத்தான். வாஷ், அதாவது தண்ணீர் கலந்த வண்ணத்தை அகலமாகப் பூசுவது, போடுவார்கள்; அடுத்த காட்சியில் தாள் காய்ந்திருக்கும். இடையில் என்ன நடந்தது?

விருந்தினராக வரும் ஓவியர் நம் எதிரில் உட்கார்ந்து டெமோ கொடுக்கும்போது அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். தாளைக் கொஞ்சம் சாய்த்து, வெளிச்சத்தில் ஈரம் மினுங்குகிறதா என்று பார்ப்பார். மினுங்கும்போது வண்ணம் விட்டால் தானாகப் பரவும். மினுமினுப்பு அடங்கிய பிறகு, உள்ளே ஈரம் இருக்கும்போதே தண்ணீர் அதிகமுள்ள பிரஷ்ஷை வைத்தால் காலிஃபிளவர் மாதிரி ஓரம் வெடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் நல்ல ஓவியர்கள் சும்மா கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதைப் பார்க்கவே போகலாம்.

நம் ஊர்க் காற்று இன்னொரு காரணம். சித்திரை மாதத்தில் ஃபேனுக்கு அடியில் வானத்துக்கு வாஷ் போட்டால், கீழே வருவதற்குள் மேலே காய்ந்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போய், கார்த்திகை மூடுபனியில் ஏரிக்கரையில் உட்கார்ந்தால் அதே தாள் காயவே காயாது. எங்கோ குளிர்நாட்டில் இருப்பவர் வீடியோவில் சொல்லும் ‘ஐந்து நிமிடம் விடுங்கள்’ இரண்டு இடத்துக்கும் பொருந்தாது.

எனக்கு மிகவும் பிடித்த டெமோ காப்பிப் பூ. மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்தால் ஒரு வாரம், பத்து நாளில் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் செடி முழுக்க வெள்ளையாகிவிடும். நாலைந்து நாளில் உதிர்ந்தும் விடும். உறுப்பினர் ஒருவர் பூத்த கிளையைக் கொண்டுவந்து தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்தார். வந்த ஓவியர் வெள்ளை வண்ணத்தைத் தொடவே இல்லை. அல்ட்ராமரைன் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு கலந்த சாம்பலால் பின்னணி, அப்புறம் கரும்பச்சையில் இலைகள். பூ இருக்க வேண்டிய இடத்தை மட்டும் விட்டுக்கொண்டே போனார். முக்கால்வாசி முடியும் வரை தாளில் பூவே தெரியவில்லை. “சார், பூ எப்போ போடுவீங்க?” என்று பின்னால் இருந்து ஒருவர் கேட்டேவிட்டார். பிறகு கணுக்களை ஒட்டி நாலைந்து நிழல் கோடுகள் வைத்ததும் கொத்துக் கொத்தாய்ப் பூ எழுந்து வந்தது.

எல்லா டெமோவும் இப்படி இருக்காது. வாங்கிய விருதுகளையே ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கடைசி அரைமணியில் படகு ஒன்றை வரைந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அன்றைக்கு டீ, போண்டாதான் மிச்சம்.

டெமோவுக்கு முன்னால் உறுப்பினர்கள் வரைந்து வந்ததைச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பேசுவோம். புதிதாக வருபவர்கள் கூச்சப்பட்டு இதற்குப் பிறகு வருகிறார்கள், முன்னாடியே வாருங்கள். கொலுசுப் பட்டறையில் டிசைன் போடுகிறவரும், ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டரும் ஒரே படத்தைப் பார்த்து வேறு வேறு குறை சொல்வார்கள். இரண்டுமே பெரும்பாலும் சரியாக இருக்கும்.

டெமோவில் ஓவியர் வலது கைக்காரரா இடது கைக்காரரா என்று பார்த்து, கை மறைக்காத பக்கம் உட்காருங்கள். தாளைப் பார்க்கிற அளவுக்கு வண்ணம் கலக்கும் தட்டான பேலட்டையும் பாருங்கள். எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறார் என்பது அங்கேதான் தெரியும். அவர் வைத்திருக்கும் விலை உயர்ந்த பிரஷ்ஷை மறுநாளே வாங்க ஓட வேண்டாம். காசு இருந்தால் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமனுள்ள காட்டன் தாளில் போடுங்கள். மெல்லிய தாள் நனைந்தால் சுருண்டு, வண்ணம் பள்ளத்தில் தேங்கிவிடும்.

குழு எங்கே கூடுகிறது என்று தெரியாவிட்டால், ஓவியப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். காட்டன் தாள் அடிக்கடி வாங்குகிறவர் யார் என்று கடைக்காரருக்குத் தெரியும்.