எந்த டவுன்லோட் பட்டன் நிஜம்?

கேள்வி: புது லேப்டாப்பில் கடிதம் டைப் செய்ய, வீடியோ பார்க்க, படங்களைத் திருத்த மென்பொருள் வேண்டும். இணையத்தில் தேடினால் ஒரே பக்கத்தில் நாலைந்து டவுன்லோட் பட்டன்கள். எது நிஜம்? இலவசமாகக் கிடைப்பதை அலுவலக வேலைக்கும் பயன்படுத்தலாமா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்றுக்கும் காசே தேவையில்லை. டைப் செய்ய லிப்ரே ஆஃபீஸ், வீடியோவுக்கு வி.எல்.சி., படங்களுக்கு கிம்ப். மூன்றும் ஓப்பன் சோர்ஸ், அதாவது மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும், யாரும் பயன்படுத்தலாம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம், அலுவலகத்திலும்தான். சிக்கலெல்லாம் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் வருகிறது.

வி.எல்.சி. என்று தேடிப் பாருங்கள். முதலில் வருபவை சில நேரம் விளம்பரங்கள். பொடி எழுத்தில் அப்படிக் குறித்திருப்பார்கள், கண்ணில் படாது. அவற்றைத் தாண்டி வாருங்கள். வி.எல்.சி.யைத் தருவது வீடியோலேன் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு. தளம், வீடியோலேன் டாட் ஆர்க். இங்கேதான் குழப்பம். தளத்தின் பெயரில் வி.எல்.சி. இல்லாததால், அந்த எழுத்துகளைத் தாங்கிய வேறெதையோ அசல் என்று நம்பிவிடத் தோன்றும். சந்தேகம் வந்தால் அந்த மென்பொருளைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையைத் திறந்து, வலப்பக்கப் பெட்டியில் உள்ள அதிகாரப்பூர்வ இணைப்பு வழியாகப் போங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன்.

பிரபலமான டவுன்லோட் தளம் என்றால் பரவாயில்லையா? 2015-இல் சோர்ஸ்ஃபோர்ஜ் தளத்தில், விண்டோஸுக்கான கிம்ப் இன்ஸ்டாலரோடு விளம்பர மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுத்து பெரிய சர்ச்சையானது. அடுத்த ஆண்டு தளம் கைமாறியதும் புதிய உரிமையாளர்கள் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். இன்னும் சில தளங்கள் இப்படிச் செய்கின்றன. அதனால் இன்ஸ்டால் செய்யும்போது நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போகாதீர்கள். 'கஸ்டம்' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, கேட்காமலே விழுந்திருக்கும் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

ஃபைலை டபுள் கிளிக் செய்ததும் விண்டோஸ் அனுமதி கேட்கும். அதில் வெளியீட்டாளர் பெயர் இருக்கும், வி.எல்.சி. என்றால் அங்கே வீடியோலேன் என்று வர வேண்டும். 'அன்நோன்' என்று வந்தால் நிறுத்தி யோசியுங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் போலி என்று முடிவு கட்ட முடியாது. வெளியீட்டாளர் பெயரை உறுதிசெய்யும் சான்றிதழுக்குச் செலவு செய்ய முடியாத சின்னக் குழுக்களும் உண்டு. அப்போது ஃபைலை வைரஸ்டோட்டல் என்ற இணையதளத்தில் ஏற்றினால், பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். சொந்த ஆவணங்களை மட்டும் அங்கே ஏற்றிவிடாதீர்கள்.

அலுவலகத்துக்கு வருவோம். இலவசம் என்று போட்டிருந்தாலும், யாருக்கு இலவசம் என்று பார்க்க வேண்டும். ஒரு கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை ஓட்ட உதவும் வர்ச்சுவல்பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை மென்பொருள் ஓப்பன் சோர்ஸ். கூடுதல் வசதிகளுக்காகக் கூடவே டவுன்லோட் செய்யும் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த, கல்விப் பயன்பாட்டுக்குத்தான் இலவசம், நிறுவனம் காசு கட்ட வேண்டும். ஃபைல்களைச் சுருக்கவும் பிரிக்கவும் உதவும் வின்ரார் 40 நாள் சோதனைப் பதிப்பு. நாள் முடிந்தாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், அதற்காக அது இலவசமாகிவிடாது. பதிலாக 7-ஜிப் போட்டுக்கொள்ளுங்கள், ரார் ஃபைல்களையும் அதுவே பிரித்துவிடும். இன்ஸ்டால் ஆகும்போது வரும் உரிமப் பக்கத்தில் 'பர்சனல்', 'நான்-கமர்ஷியல்' என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அலுவலகக் கணினியில் வேண்டாம்.

கிராக், அதாவது காசு கட்ட வேண்டிய மென்பொருளைப் பூட்டு உடைத்துத் தரும் ஃபைல் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகவே சொல்கிறேன். 'ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டவும்' என்று ஒருவன் எழுதுகிறான் என்றால், காவல்காரனை வெளியே அனுப்பச் சொல்கிறான் என்று அர்த்தம். உள்ளே வருவது, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் ரகமாக இருக்கலாம்.

ஏற்கெனவே தவறான பட்டனை அழுத்தி ஓட்டியும்விட்டீர்களா? இணையத்தைத் துண்டியுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டுங்கள். மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். அந்தக் கணக்குகளில் உள்ள, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியையும் கையோடு அழுத்திவிடுங்கள். ஸ்கேனில் ஏதாவது சிக்கினால், முக்கிய ஃபைல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் நல்லது.