ஆரஞ்சு நிறச் சுக்குட்டிப் பழம் புதிய சிற்றினமா?

கேள்வி: எங்கள் கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), கிளுவை வேலியோரம், சுக்குட்டிக்கீரையைப் போலவே ஒரு செடி முளைத்திருக்கிறது. பழம் மட்டும் கறுக்காமல் ஆரஞ்சு நிறமாகப் பழுக்கிறது. இதுவரை யாரும் அறியாத புதிய செடியாக இருக்குமா?
– வாசகர் ஒருவர், காங்கேயம்

பதில்: உங்கள் விவரப்படி அது 'சோலானம் வில்லோசம்' ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆங்கிலேயத் தாவரவியலாளர் பிலிப் மில்லர் 1768-இலேயே அதைத் தனிச் சிற்றினமாகப் பெயரிட்டுவிட்டார். நம் பக்கம் சுக்குட்டி என்றும் பிற ஊர்களில் மணத்தக்காளி என்றும் ஒரே பெயரில் வழங்குபவை உண்மையில் நெருங்கிய உறவுடைய சில சிற்றினங்கள். அவற்றுள் அமெரிக்கானத்தில் 24, வில்லோசத்தில் 48, நைக்ரத்தில் 72 எனக் குரோமோசோம்களின் எண்ணிக்கையே வேறுபடுகிறது.

நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு கைலென்ஸை எடுத்துக்கொண்டு பழக் காம்பின் நுனியைப் பாருங்கள். பழம் பளபளவென்று கறுத்து, அதன் அடியிலுள்ள புல்லிகள் பின்னோக்கி மடிந்திருந்தால் அது அமெரிக்கானம்; கறுப்பு மங்கலாக இருந்து, புல்லிகள் பழத்தோடு ஒட்டியோ சற்றே விலகியோ இருந்தால் நைக்ரம். பூவின் நடுவே கூம்பாகக் கூடி நிற்கும் மஞ்சள் மகரந்தப்பைகளையும் அளந்து பார்க்கலாம்; அமெரிக்கானத்தில் அவை ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது, நைக்ரத்தில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அடையாளம் காண்பதற்காகத் தெரியாத பழத்தைத் தயவுசெய்து சுவைத்துப் பார்க்க வேண்டாம்.

ஐயம் தீராவிட்டால் பூவும் காயும் உள்ள கிளையொன்றைச் செய்தித்தாளுக்கிடையே விரித்து அழுத்தி உலர்த்துங்கள். உலர்ந்தபின் நிறம் மாறிவிடும் என்பதால் பழத்தின் நிறம், இடம், நாள் ஆகியவற்றைப் பறித்த அன்றே எழுதி வைப்பது மிக அவசியம். இந்தக் குறிப்பு இல்லாமல் வரும் நல்ல மாதிரிகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்தில், இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலுள்ள உலர்தாவரத் தொகுப்பு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஏற்ற இடம்.

கேள்வி: அப்படியானால் ஒரு செடி புதியது என்று எப்போது ஏற்கப்படும்? பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் பங்கு உண்டா?
– ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

பதில்: கத்தரி, தூதுவளை, சுண்டை எல்லாம் அடங்கிய சோலானம் பேரினத்தில் மட்டும் 1,200-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன, அவற்றுள் நெருங்கியவற்றோடும் பழைய பெயர்களோடும் ஒப்பிடுவதே வேலையின் பெரும்பகுதி. நம் மேட்டாங்காட்டுக் கண்டங்கத்தரியையே எடுத்துக்கொள்ளுங்கள்: சூரத்தன்ஸ், சாந்தோகார்ப்பம் என்ற பெயர்களிலும் நூல்களில் வழங்கிவந்த அச்செடிக்கு இன்று ஏற்கப்படும் பெயர், அமெரிக்காவின் வர்ஜினியாவைக் குறிக்கும் 'வர்ஜினியானம்', ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இட்ட அப்பெயரே முந்தியது என்பதுதான் காரணம். எல்லாவற்றிலிருந்தும் வேறுபடுவது உறுதியானால், ஒரு மாதிரியை மூலமாதிரியாக, அதாவது அப்பெயருக்கு நிலையான சான்றாகக் குறித்து, அது பாதுகாக்கப்படும் தொகுப்பையும் சொல்லி, விவரணையை முறையாக வெளியிட வேண்டும். லத்தீனில்தான் விவரிக்க வேண்டும் என்ற விதி 2012 முதல் தளர்ந்து, ஆங்கிலமும் ஏற்கப்படுகிறது.

பிள்ளைகளுக்கு நிச்சயம் பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவில் வேறொரு சிற்றினத்தின் வகையென்று கருதப்பட்டு வந்த ஒரு காட்டுத்தக்காளி, 2016-இல் தனிச் சிற்றினமாக வெளியிடப்பட்டது. வெட்டியதும் பச்சைச் சதை குருதிபோல் சிவந்து, முற்றியபின் எலும்புபோல் காய்ந்துவிடும் அதன் காய்க்குப் பொருத்தமாக லத்தீனில் எலும்பையும் குருதியையும் குறிக்கும் 'ஒஸ்ஸிக்ருயென்டம்' என்ற பெயர் அமைந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் முன்வைத்த யோசனைகளிலிருந்து உருவான பெயர் அது.